கேஷ் என்ற பெட்டியும் காசு என்ற நாணயமும்

தைப்பூசக் காவடி முடிந்த மறுநாள், மொரீசியஸ் தீவில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோவில் மண்டபத்தில் உண்டியல் எண்ண உட்கார்ந்திருந்தோம். வெள்ளைத் துணியை விரித்துப் பெட்டியைக் கவிழ்த்தால் மஞ்சள்பொடி வாசனையோடு சரிந்து விழுகிறது பணம். விபூதி ஒட்டிய நோட்டுகள், ஏழு மூலைப் பத்து ரூபாய், இரு நிறத்து இருபது ரூபாய், யாரோ ஊருக்கு வந்துபோன பிள்ளை போட்ட ஒற்றை யூரோ. கணக்கியல் படிக்கும் ஒரு பெண் தொகையைக் குறிக்கத் தாளை எடுத்து, தலைப்பில் ‘கேஷ்’ என்று எழுதினாள்.

சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் எட்டிப் பார்த்தார். “அது நம்ம வார்த்தைதான் பாப்பா. காசு, காசுன்னு நாம சொன்னதை வெள்ளைக்காரன் கேஷ் ஆக்கிட்டான்.”

அவள் விடவில்லை. “இல்லைங்க ஐயா, அது பிரெஞ்சு. சூப்பர்மார்க்கெட்ல பணம் கட்டுற இடத்துல ‘கெஸ்’னு போர்டு தொங்குதே, அதுதான் கேஷ்.”

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் இந்த மாதிரி வழக்கெல்லாம் என்னிடம்தான் வரும். “ரெண்டு பேர் சொல்றதும் சரி” என்றேன். நைசாக நழுவுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் நான் நழுவவில்லை. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்து ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. பிறந்த வீடுதான் வேறு.

முதலில் அந்தப் பெண் சொன்னதைப் பார்ப்போம். கடையில் “கேஷா, கார்டா?” என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷுக்குத் தாய்வீடு லத்தீன். ‘காப்சா’ என்றால் பெட்டி. அது இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’ ஆனது, பிரெஞ்சில் ‘கெஸ்’ ஆனது. வணிகர்கள் பணம் போட்டுவைக்கும் பெட்டிக்கு அந்தப் பெயர் நிலைத்தது. 1590களில் அது ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘கேஷ்’ என்றால் பணப்பெட்டி என்றும் பொருள், அதற்குள் இருக்கும் பணம் என்றும் பொருள். நூற்றைம்பது வருடம் போல இரண்டு பொருளும் சேர்ந்தே ஓடின. 18ஆம் நூற்றாண்டின் நடுவாக்கில் பெட்டி காணாமல் போய்ப் பணம் மட்டும் மிஞ்சியது. பெட்டியைக் காத்தவர் ‘கேஷியர்’. பிரெஞ்சில் அவர் ‘கெஸ்ஸியே’. நம் ஊர் வங்கியில் இரண்டு பெயரும் செல்லும்.

அந்த லத்தீன் பெட்டியின் பேரப்பிள்ளைகள் தமிழ் வீடுகளிலும் நிறைய. சூட்கேஸில் இருக்கும் கேஸ் அதிலிருந்து வந்தது. குட்டிப் பெட்டி என்ற பொருளில் கேசட் வந்தது. மாத்திரைக் கடையில் கேட்கும் கேப்சூலும் குட்டிப் பெட்டிதான். போலீஸ் கேஸ் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது ‘விழுதல்’ என்ற வேறொரு லத்தீன் சொல்லின் வழி வந்தது. ராணுவத்தில் அதிகாரியை அவமானப்படுத்தி வேலையை விட்டு நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் ‘கேஷியர்’ என்ற ஒரு வினை உண்டு. அதுவும் பெட்டியோடு சேராது. பிரெஞ்சில் ‘காஸே’ என்றால் உடை, முறி. அங்கிருந்து டச்சு வழியாக வந்தது. மொரீசியஸ் பிள்ளைக்கு இதைப் புரியவைக்க மெனக்கெட வேண்டியதில்லை. தட்டு உடைந்தால் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் ‘காஸே’ என்றுதானே கத்துகிறோம்.

பெட்டியின் பெயர் பணத்துக்கு ஆகி வருவது ஒன்றும் அதிசயமில்லை. பட்ஜெட் என்பது ஒரு காலத்தில் தோல் பை. பேங்க் என்பது காசு மாற்றுகிறவர் போட்டு உட்கார்ந்த பலகை. அரசு நிதி தொடர்பாக ‘ஃபிஸ்கல்’ என்கிறார்களே, அதன் வேர் ரோமானியர்களின் பணக்கூடை. நம் இலக்கணக்காரர்கள் ஆகுபெயர் என்று சொல்லி ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

இனி பெரியவர் பக்கம். இதில்தான் எனக்கு ஆசை அதிகம், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

போர்ச்சுகீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் நம் கரைகளுக்கு வந்தபோது கடைவீதியில் புழங்கிய சின்ன நாணயத்தைக் ‘காசு’ என்று சொல்லக் கேட்டார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கு ஏற்கெனவே ‘கைஷா’ என்று ஒரு சொல் இருந்தது. அதுவும் அதே லத்தீன் பெட்டியின் பிள்ளை. புதிதாகக் காதில் விழுந்த சொல்லைத் தெரிந்த சொல்லின் அச்சில் வார்ப்பது எல்லா மொழிக்கும் உள்ள பழக்கம். காசும் ‘கைஷா’ ஆனது. தமிழில் ‘சு’ என்று இருந்தது ‘ஷ்’ என்று மாறியது அந்த இடத்தில்தான். ஆங்கிலேயர்கள் அதை அவர்களிடமிருந்து வாங்கிக் ‘கேஷ்’ ஆக்கினார்கள். பெட்டிக்கும் நாணயத்துக்கும் முதல் சந்திப்பு லண்டனில் நடக்கவில்லை, ஒரு போர்ச்சுகீசிய மாலுமியின் வாயில் நடந்தது.

கோவாவில் பேராயரிடம் செயலாளராக இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரரின் பயண நூல் 1598இல் ஆங்கிலத்தில் வந்தது. சுந்தா நாட்டில், அதாவது இன்றைய ஜாவாவின் மேற்குப் பக்கத்தில், ‘கைஷா’ என்ற செப்புக்காசைத் தவிர வேறு நாணயம் இல்லை என்கிறார். அது டச்சு நாட்டு ‘டோய்ட்’ அளவு இருக்கும், ஆனால் பாதி கனம்கூட இராது, நடுவில் ஓட்டை இருக்கும், இருநூறு அல்லது ஆயிரமாகக் கயிற்றில் கோத்து வைப்பார்கள் என்று விவரிக்கிறார். அளவு சொல்ல அவர் எடுத்துக்கொண்ட அந்த டோய்ட் யார் தெரியுமா? நம் துட்டு. டச்சுக்காரனின் சில்லறைக்காசு தமிழில் துட்டு ஆகி, ‘துட்டு இல்ல சாமி’ வரைக்கும் வந்துவிட்டது. தமிழிலிருந்து போன காசும், தமிழுக்கு வரவேண்டிய துட்டும், ஜாவாவைப் பற்றி ஒரு டச்சுக்காரர் எழுதிய ஒரே வர்ணனையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. காசு எங்களிடம் வாங்கியது என்று மார்தட்டுகிறவர்கள் துட்டை மறந்துவிடுகிறார்கள் என்பது என் சின்ன மனக்குறை.

ஓட்டைக்காசு என்றதும் சீனா நினைவுக்கு வந்திருக்கும். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்பு நாணயத்துக்கு ஆங்கிலத்தில் இன்றைக்கும் பெயர் ‘கேஷ்’தான். சீனர்கள் தங்கள் மொழியில் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது ‘வென்’, ‘சியென்’. கடலில் அலைந்த ஐரோப்பியர்கள் கீழைக்கடல் முழுவதும் சின்னச் செப்புக்காசுக்கெல்லாம் இந்த ஒரே பெயரை ஒட்டிக்கொண்டு போனார்கள். ஆயிரம் கோத்தது ஒரு சரம். போர்ட் லூயி சைனா டவுனில் சிவப்பு நூலில் கட்டிய சீனக்காசு தொங்கும். வீட்டுக்கு அதிர்ஷ்டம் வரும் என்று வாங்கி மாட்டுகிறார்களே, அதேதான். அந்தப் பொருள் சீனாவுடையது, அதற்கு ஆங்கிலம் வைத்த பெயர் தமிழிலிருந்து போனது. தொங்குவது மொரீசியஸ் கடையில்.

சென்னையில் இந்தச் சொல் அரசாங்க அச்சிலேயே ஏறியது. கம்பெனி ஆட்சியின் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். பெருக்கிப் பார்த்தால் ஒரு வராகனுக்கு 3,360 காசு. இதை ஆங்கிலேயக் குமாஸ்தா ‘கேஷ்’, ‘ஃபனம்’, ‘பகோடா’ என்று எழுதினார். 1803இல் சென்னைக்காகவே இங்கிலாந்தில் அடித்த செப்பு நாணயத்தின் பின்பக்கத்தில் ‘20 கேஷ்’ என்று ரோம எண்ணில் போட்டிருக்கும், கூடவே பாரசீக எழுத்து. தமிழ் ஊருக்கு அனுப்பிய, தமிழ்ப் பெயர் கொண்ட காசில் தமிழ் எழுத்து இல்லை! 1809இல் ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் இப்படிப்பட்ட காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு கிளம்பி, இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளித்து எடுத்தவர்கள் அள்ளிக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கு நாணயம் சேர்ப்பவர்களிடம் அந்தக் கடல்காசு சல்லிசாகக் கிடைக்கும்.

1818இல் சென்னை மாகாணம் ரூபாய்க்கு மாறியதும் இந்த வரிசை கலைந்தது. சமஸ்தானங்களில் மட்டும் காசு நீடித்தது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று இந்திய விடுதலைக் காலம் வரை ஓடியது. புதுக்கோட்டையில் அம்மன் காசு. தரங்கம்பாடி டேனிஷ்காரர்களும் தங்கள் செப்புக்காசைக் ‘காஸ்’ என்றார்கள். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் ‘காஷ்’ என்றும் ‘தூதூ’ என்றும் கணக்கு எழுதினார்கள். இரண்டாவது நம் துட்டு. 1735இல் லபூர்தொனே மொரீசியஸுக்கு ஆளுநராக வந்தபின் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தர்களும் தச்சர்களும் இங்கே வந்தார்கள் அல்லவா? அவர்கள் மடியில் முடிந்துகொண்டு புறப்பட்டது அந்தக் காசும் துட்டுமாகத்தான் இருந்திருக்கும்.

அப்படியானால் சில்லறைக் கேஷ் காசிலிருந்தும், கடையில் நீட்டும் கேஷ் பெட்டியிலிருந்தும் வந்தது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? ஒலியை வைத்துச் சொன்னால் யாரும் எதையும் சொல்லலாம். பழைய எழுத்தில் சொல் என்ன வேலை பார்க்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் கேஷ் ஆங்கிலத்தில் தலைகாட்டும்போது வணிகரின் பெட்டியாக, கல்லாவாக வருகிறது. கீழ்த்திசை வாடையே அதில் இல்லை. இரண்டாவது கேஷ் வரும் இடத்தில் எல்லாம் ஜாவா, சீனா, சென்னை என்று ஏதாவது ஓர் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டே வரும். கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600 டிசம்பர் 31. சென்னையில் அவர்கள் இடம் வாங்கியது 1639. அதற்குள் லண்டன் வணிகர் தன் கல்லாப் பணத்தைக் கேஷ் என்று அழைக்கப் பழகிவிட்டார். வாட்சப்பில் சுற்றும் ‘ஆங்கிலத்தில் உள்ள தமிழ்ச் சொற்கள்’ பட்டியலில் கட்டுமரம், சுருட்டு, கறி, மாங்காய் எல்லாம் சரியாகவே இருக்கும். கேஷுக்குப் பக்கத்தில் மட்டும் ‘பாதி’ என்று எழுத வேண்டும்.

அந்தப் பாதியே எனக்குப் போதும். ஏனென்றால் காசின் தமிழ் வாழ்க்கை ஆங்கில வாழ்க்கையைவிடப் பல மடங்கு நீளம். குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லை ஒரு கிளியைக் காட்டுகிறார். வளைந்த அலகில் பழுத்த வேப்பம்பழம். அது எப்படி இருக்கிறதாம்? புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் தன் கூர் நகத்தில் பிடித்திருக்கும் பொன்காசு மாதிரி. அந்தக் காசு கொடுக்கல் வாங்கலுக்கு உரியதாகத் தெரியவில்லை. நகையில் கோக்கும் உருண்டை, மணி. இன்றைக்கும் கல்யாணத்தில் காசுமாலை போடுகிறோமே, அந்தக் கோவை அறுபடவில்லை. கோக்கிற பொருள், ஓட்டைக்காசு, சரம் என்று லின்ஸ்கோட்டன் ஜாவாவில் பார்த்ததையும் இதையும் சேர்த்து யோசித்தால் சொந்தம் கொண்டாட ஆசை வருகிறது. ஆனால் அது வெறும் ஒற்றுமை, சான்று கிடையாது.

தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில் காசு முழுநேரப் பணமாகிவிட்டது. கோவில் பணத்தை ஊர்ச் சபைகள் வட்டிக்கு வாங்குகின்றன. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. இன்றைய கணக்கில் பன்னிரண்டரை சதவீதம். அதற்கும் முந்நூறு வருடம் முன்னால் சம்பந்தர் திருவீழிமிழலையில் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று பாடினார். பஞ்ச காலத்தில் இறைவன் நாளுக்கு ஒரு படிக்காசு கொடுத்தார் என்றும், சம்பந்தருக்குக் கிடைத்த காசைக் கடைக்காரர் வட்டம் பிடித்துக்கொண்டுதான் மாற்றினார் என்றும் கதை. வாசி என்றால் அந்தக் கழிவு. கமிஷன் பிடிக்காத காசாகக் கொடு என்று கடவுளிடமே கேட்கிறார். கார்டு தேய்த்தால் கூடுதலாக ஏதோ பிடிக்கிறார்கள் என்று நாம் முணுமுணுப்பதற்கு இதைவிடப் பழைய முன்னோடி கிடைக்காது. பாட்டு ரோஸ் ஹில் வகுப்பில் பிள்ளைகளுக்கும் தெரியும், பொருள் சொன்னால்தான் சிரிக்கிறார்கள்.

காசுக்குக் குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு. கோவலன் கண்ணகியைக் ‘காசறு விரையே’ என்று கொஞ்சுவது அந்தப் பொருளில்தான். மாசு மறுவில்லாத மணமே என்கிறான். பின்னாளில் வேறு பொருளில் காசற்றுப் போனது அவன்தான். வெண்பா படித்தவர்களுக்கு இன்னொரு காசும் தெரிந்திருக்கும். நாள், மலர், காசு, பிறப்பு என்று ஈற்றுச் சீருக்கு நான்கு வாய்பாடு. குறளின் கடைசிச் சீர்கள் எல்லாம் இந்த நான்கில் அடங்கும்.

காசு தமிழா, ‘கர்ஷ’ என்ற வடமொழி எடைப்பெயரிலிருந்து வந்ததா என்று அறிஞர்களிடையே கேள்வி உண்டு. 1886இல் யூலும் பர்னலும் தொகுத்த ஆங்கிலோ-இந்திய அகராதி அந்த வடமொழி வேரைச் சொல்கிறது. மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு எல்லாவற்றிலும் காசு இருப்பதால் திராவிடச் சொல்தான் என்பார்கள் எதிர்த்தரப்பில். வேர் எதுவானாலும் போர்ச்சுகீசியர் காதில் விழுந்தது தென்னாட்டு வடிவம் என்பதில் தகராறு இல்லை.

கேஷை இப்போது தமிழில் சொல்லிப் பாருங்கள், வேடிக்கை தெரியும். ஆங்கிலத்தில் கேஷ் என்றால் எதிர்ப்பக்கம் கடன் நிற்கிறது. நம் ஊர்ச் சீனர் கடை, ‘லபுத்திக் சினுவா’, எப்படி நடந்தது? ‘கார்னே’ என்ற சின்ன நோட்டில் அரிசி, எண்ணெய், உப்புக் கருவாடு எல்லாம் எழுதிவைத்து, சம்பளம் வந்ததும் அடைப்பது. கரும்புத் தோட்டத்து ஆணுக்கு ஒப்பந்தக் காலத்தில் மாதம் 5 ரூபாய். ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளும் ‘இரட்டை வெட்டு’ வேறு. அப்படிப்பட்ட கூலியில் கார்னே இல்லாமல் அடுப்பு எரியாது. அங்கே ‘கேஷ்’ என்றால் நோட்டில் எழுதாமல் கையோடு கொடுப்பது. இந்தப் பொருளுக்குத் தமிழில் சரியான சொல் காசு அல்ல, ரொக்கம். அதுவோ வடக்கிலிருந்து வந்தது. இந்தியில் ரோகட், மராத்தியில் ரோக். காசு என்றால் நமக்குச் சில்லறை, இல்லாவிட்டால் பொதுவாகப் பணம். கணக்கியல்காரர்களின் கேஷ் இன்னும் வேறு. அவர்களுக்கு வங்கியில் கேட்டவுடன் எடுக்கக்கூடிய பணமும் கேஷ்தான். ஒரு தாளைக்கூடத் தொடாமல் கேஷ் கோடிக்கணக்கில் இருக்கலாம்.

மொரீசியஸ் நோட்டில் மதிப்பு ஆங்கிலத்திலும் தமிழிலும் இந்தியிலும் அச்சாகிறது. 1998இல் வந்த புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியபோது தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சிட்டது. நூறு ரூபாய் நோட்டில் இந்தத் தீவின் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் முகம் இருக்கிறது. சென்னைக்கு வந்த 20 கேஷில் இல்லாத தமிழ் எழுத்து இந்தத் தீவின் நோட்டில் இருக்கிறது. ஆனால் அதில் இருக்கும் சொல் காசும் இல்லை, பணமும் இல்லை, ரூபாய்.

இவ்வளவையும் அன்றைக்கு மண்டபத்தில் சொல்லவில்லை. பாதியிலேயே பெரியவர் கையமர்த்தினார். “அப்போ பெட்டி அவங்களது, உள்ள கிடக்கிற காசு நம்மளது. அவ்வளவுதானே?” அதைவிடச் சுருக்கமாக நானும் சொல்லியிருக்க முடியாது. நான் சும்மா இருந்திருக்கலாம். வாத்தியார் புத்தி, “ஐயா, உண்டியலும் முதலில் பெட்டி இல்லை, காகிதம்” என்றேன். ஓர் ஊரில் பணத்தைக் கட்டி இன்னோர் ஊரில் வாங்கிக்கொள்ள வணிகர்கள் எழுதிக் கொடுத்த சீட்டு, வடக்கே ‘ஹுண்டி’. தமிழில் அந்தச் சீட்டின் பெயர்தான் பிறகு பெட்டிக்கு ஏறியது. ஆங்கிலத்தில் பெட்டி பணமானது, நம்மிடம் பணச்சீட்டு பெட்டியானது.

பெரியவர் துணியின் நடுவே கவிழ்ந்து கிடந்த உண்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், “நீ எதுவும் எழுது பாப்பா, பக்கத்தில தமிழ்ல காசுன்னு ஒண்ணு போட்டுடு” என்றார். அவள் போட்டாள். நோட்டும் சில்லறையும் கூட்டி முடித்தபின் கையில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. “இந்த யூரோவை எதில சேர்க்கிறது ஐயா, கேஷ்லயா, காசுலயா?”